எட்டடிக் கூரையும் பத்தடிக் கம்பியும்

சந்திரவதனாவுக்கு நீந்தத் தெரியாது. நீச்சல் குளத்தில் ஒருநாள்கூடக் கால் நனைத்ததில்லை. ஆனால் மெல்பேர்னின் தென்கிழக்கில் எத்தனையோ வீட்டு நீச்சல் குளங்கள் அவள் கையை நம்பித்தான் கிடக்கின்றன. டண்டினோங் பக்கத்தில் ஒரு பம்ப் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். பழுதாகி வருகிற பம்பைக் கழற்றி, தண்ணீர் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான சீல் தேய்ந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது பூட்டுவது அவளுடைய பகுதி. பம்பின் முனகலைக் கேட்டே எந்தச் சீல் போய்விட்டது என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே.

படகில் வந்தவள். வந்த பிறகு பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவிலேயே ஓட்டினாள். முதலில் கோழித் தொழிற்சாலை, பிறகு கரட் கழுவிப் பொதி செய்கிற பண்ணை, அதன்பிறகுதான் பம்ப். கணவர் அருந்தவன் லொறி ஓடுகிறார். வீட்டில் அதிகம் பேசமாட்டார், பேச இடம் கிடைத்தால்தானே. நிரந்தர விசா வந்த அன்று சந்திரவதனா பட்டறைக்குப் பெரிய தட்டில் கேசரி கொண்டுபோய், முதலாளியிலிருந்து கூட்டித் துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் தன் கையாலேயே பரிமாறினாள். வேண்டாம் என்று சொன்ன சைவ உணவுக்கார வெள்ளைக்கார இளைஞனிடம் இதில் இறைச்சி இல்லை என்று மூன்று தரம் சொல்லி இரண்டு கரண்டி வைத்தாள்.

பக்கத்து மேசையில் வேலை செய்பவள் தோக்கோ. மலாவி நாட்டுக்காரி, நாற்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இரவல்தான் என்பதால் நன்றாகவே ஒத்துப்போயிற்று. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோக்கோ தன் அக்கா மெர்சி இருக்கிற கலெம்பா என்ற கிராமத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. மே மாதம் தொடங்கினால் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும். செப்டம்பர் வந்துவிட்டால் பெண்கள் விடிய எழும்பி ஆற்றுக்கு நடந்து, காய்ந்த மணலைத் தோண்டி, அடியில் ஊறுகிற கலங்கல் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி வாளியை நிரப்ப வேண்டும். போய்வர மூன்று மணி நேரம். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருகிறது.

சந்திரவதனா புட்டுப் பெட்டியை மூடி வைத்தாள். போர் முடிந்த வருடம் முகாமில் தண்ணீர்ப் பவுசர் லொறிக்குப் பின்னால் வாளியோடு ஓடியவள் அவள். அதை யாரிடமும் சொல்வதில்லை, அன்றும் சொல்லவில்லை. “நாங்கள் ஒரு பம்ப் போடுவோம்” என்று மட்டும் சொன்னாள். தோக்கோ சிரித்தாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பாவம், அவளுக்குச் சந்திரவதனாவைப் பற்றி அப்போது அவ்வளவாகத் தெரியாது.

அந்த வார இறுதியிலேயே மெர்சியோடு வீடியோவில் பேசியாகிவிட்டது. மெர்சி கிராமத்துத் தண்ணீர்க் குழுவின் தலைவி, அளந்து பேசுகிற மனிசி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மழைக்காலத்துக்கு மட்டுமா, வருடம் முழுவதற்குமா? பன்னிரண்டு மாதமும் தண்ணீர் வரும், அதற்கு நான் பொறுப்பு என்று சந்திரவதனா நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். சொன்னபோது கையில் ஒரு டொலர்கூட இல்லை.

நம் சனத்திடம் ஒரு நல்ல காரியத்துக்குக் கேட்டு வாங்குவதென்றால் முதலில் பெயர் எழுத ஓர் இடம் காட்ட வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கோயிலில் ரியூப் லைட் போட்டாலும் உபயம் இன்னார் என்று எழுதி, வெளிச்சம் வர மிச்சம் இருப்பது நாலு அங்குலம்தான். சந்திரவதனா நம் சனம் கூடி இருக்கிற கிரான்பர்னில் வீடு வீடாகப் போனாள். எல்லாரும் தேத்தண்ணி கொடுத்தார்கள், நல்ல விசயம் என்றார்கள், கடைசியில் சுற்றி வளைத்து ஒன்றையே கேட்டார்கள்: பேர் எங்கே போடுவீர்கள்? நூற்றைம்பது அடி ஆழத்துக்குத் துளைக்கிற குழாய்க் கிணற்றில் எங்கே பேர் போடுவது? கைப்பம்பின் கைப்பிடியிலா?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பம்புக்கு மேலே நான்கு தூண் நிறுத்தி ஒரு கூரை போட்டால், வெயிலில் வரிசையில் நிற்கிற பெண்களுக்கு நிழலும் ஆயிற்று, பேர் எழுத இடமும் ஆயிற்று. யோசனை அவளுடையதுதான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவளும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கூரையை ஏற்றுக்கொண்டவர் விஜயரத்தினம். எழுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற கணக்காளர், கிரான்பர்னில் தனியாக இருக்கிறார். மனைவி நாகபூசணி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனிசன் சுள்ளென்று கோபிப்பார். மனைவியின் நினைவாகச் செய்த அன்னதானத் துண்டுப் பிரசுரத்தில் அவள் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று, ஒரு சங்கத்தோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவர். அவரிடம் போகவேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். சந்திரவதனா போனாள். அவர் கேட்டுவிட்டு, கூரை முழுவதும் தன் பொறுப்பு, முகப்பில் நாகபூசணியின் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்றார். அவர் ஒருவர் இறங்கியதும் மற்றவர்களும் தூணுக்கு இரண்டு குடும்பம் வீதம் வந்து சேர்ந்தார்கள். கிணறு துளைக்கவும் பம்ப் வாங்கவும் அந்தக் காசே போதுமாயிற்று.

கூரைக்குத் தகரம் போதும், அதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்று மெர்சி சொல்லி அனுப்பினாள். விஜயரத்தினத்துக்கு அது பிடிக்கவில்லை.

“தகரம் துருப்பிடிக்கும் பிள்ளை. நாகபூசணியின்ர பேர் துருப்பிடிக்கக் கூடாது.”

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? கொங்கிரீட் என்று முடிவாயிற்று. பொயிண்ட் குக்கில் இருக்கிற தஞ்சாவூர்க்காரர் முரளிதரன் கட்டடப் பொறியாளர். அவர் இலவசமாக வரைபடம் போட்டுக் கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எவ்வளவு தாங்கும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பதினொரு பக்கம். “மேல யானையே ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். யானை ஏறுமா என்று யோசித்தவர், வேறொன்றை யோசிக்க மறந்துவிட்டார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

மே மாதத்தில் பம்ப் பூட்டினார்கள். பூட்டியவர்கள் அடுத்த ஊருக்குப் போன பிறகு மேசன் வந்து கூரை போட்டார். திறப்பு விழா வீடியோவில் நடந்தது. விஜயரத்தினம் வேட்டி சால்வையோடு வந்து, தன் வீட்டுக் கராஜில் மடிக்கணினியின் முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, வாசலில் தேங்காய் உடைத்தார். அங்கே மெர்சி கைப்பிடியை நாலு தரம் அழுத்தினாள். தண்ணீர் குபுக்கென்று விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இங்கே எல்லாரும் கைதட்டினார்கள், அதிகம் தட்டியது சந்திரவதனா. முகப்பில் நாகபூசணியின் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஓரடி எழுத்தில் இருந்தது. விஜயரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

அந்த வருடம் செப்டம்பரிலும் தண்ணீர் வந்தது, நவம்பரிலும் வந்தது. மெர்சியின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போகிறார்களாம். சந்திரவதனா கிரான்பர்ன் முழுவதும் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் இருந்து மெர்சி அனுப்புகிற படங்கள் ஒரு மாதிரி மாறின. ஆடு வந்தது, மக்காச்சோளம் வந்தது, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம் வந்தது. பம்ப் வரவில்லை. தோக்கோவும் பம்பைப் பற்றிக் கேட்டால் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே எதையோ தேடினாள். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஒரு குளத்துப் பம்பின் சீலை மாற்றிக்கொண்டிருந்த சந்திரவதனாவுக்குச் சட்டென்று உறைத்தது. கலெம்பாவுக்கு இரண்டாவது கோடை வந்துவிட்டது, அங்கேயும் சீல் மாற்றியிருக்க வேண்டுமே. மாற்றினார்களா என்று தோக்கோவை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

தோக்கோவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பம்ப் நின்று ஆறு கிழமை, ஒன்றரை மாதம் ஆகிறதாம். போனது அந்த ரப்பர் சீல்தான், கைக்குள் அடங்குகிற சாமான். புதிய சீல் மெர்சியின் வீட்டுப் பெட்டியில் தயாராக இருக்கிறது. பூட்டத் தெரிந்த ஆளும் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவர் வந்தும் பார்த்தார். ஆனால் பூட்ட முடியவில்லை.

ஏன் என்று தோக்கோ சொல்வதற்கு முன்னமே சந்திரவதனாவுக்கு விளங்கிவிட்டது. குளத்துப் பம்பைப் பக்கவாட்டில் திறக்கலாம். கைப்பம்பின் சீல் குழாயின் அடியில், ஆழத்தில் இருக்கிறது. அதை எடுக்க, குழாய்க்குள் ஒன்றோடொன்று கொளுவித் தொங்குகிற இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக நேர் மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். ஒரு கம்பி பத்தடி நீளம். கூரையின் உயரம் எட்டடி. பம்பின் தலையையும் கழித்தால் மேலே நாலடிகூட இல்லை.

யானை ஏறினாலும் அசையாத கூரை.

கூரையை உடைத்திருக்கலாமே என்று கேட்டாள். எப்படி உடைப்பது என்று தோக்கோ திருப்பிக் கேட்டாள். அதில் இறந்துபோன ஓர் அம்மாவின் பெயர் இருக்கிறது. தந்தவர் விளக்கேற்றி அழுததை ஊரே பார்த்தது. தந்தவரிடம் போய், உங்கள் பரிசு தண்ணீரை மறிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? மெர்சி யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டுவிட்டாளாம். ஊர்ப் பெண்கள் மறுபடியும் ஆற்று மணலைத் தோண்டப் போய்விட்டார்கள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம்.

அன்று மாலை வரை சந்திரவதனா தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஒன்பது வருடமாகச் சீல் மாற்றுகிறவள், அந்தச் சீலை எப்படி வெளியே எடுப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லையே. நிழல், நிழல் என்று துள்ளினாளே. பன்னிரண்டு மாதமும் தண்ணீர் என்று நெஞ்சில் கைவைத்தாளே. வெட்கம் பிடுங்கித் தின்றது. முரளிதரனுக்குப் போன் எடுத்தாள். அவர் பதினொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கூரையின் நடுவில் ஒரு சதுரம் வெட்டலாம், தூண்கள் தாங்கும், ஆனால் முகப்பில் வெடிப்பு விழுந்து எழுத்து உதிர்ந்துபோகும், அதைத் தவிர்க்க வழியில்லை என்றார். அதாவது, விஜயரத்தினத்திடம் கேட்டே ஆகவேண்டும்.

சும்மா கேட்டால் சரிவராது என்று அவளுக்குத் தெரியும். ஹார்ட்வெயார் கடைக்குப் போய்ப் பத்தடி பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்கினாள். காருக்குள் அது அடங்கவில்லை. அருந்தவன் ஜன்னலால் பாதியை வெளியே நீட்டி, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்.

விஜயரத்தினம் கதவைத் திறந்து அவளையும் பார்த்தார், குழாயையும் பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். குசினியில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. குசினியின் நடுவில் நின்று, இதைச் சரிக்காமல் நேராக நிமிர்த்தித் தாருங்கோ அங்கிள் என்று மட்டும் சொல்லிக் குழாயை நீட்டினாள்.

அவர் ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் குழாயை வாங்கினார். நிமிர்த்தினார். நுனி மேல்தட்டில் டொக்கென்று இடித்தது. இன்னொரு பக்கமாகப் போய் நிமிர்த்தினார். அங்கேயும் டொக். மூன்றாவது தரம் இடித்ததில் வெள்ளைப் பூச்சுக் கொஞ்சம் சோற்றுப் பானையின் மூடியில் விழுந்தது. அவருக்குக் கோபம் ஏறியது. எட்டடி வீட்டுக்குள் பத்தடியை நிமிர்த்தச் சொல்கிறாயே, உனக்கென்ன மண்டை பிழையா என்று கேட்டார்.

“ஓம் அங்கிள்” என்றாள் சந்திரவதனா. “எனக்குத்தான் மண்டை பிழை. கலெம்பாவில நாங்கள் கட்டினதும் இதுதான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சீலைச் சொன்னாள், கம்பியைச் சொன்னாள், கூரை தன் யோசனை என்பதையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. விஜயரத்தினம் குழாயைப் பிடித்தபடியே நின்றார். சுவரில் மாலை போட்ட படத்தில் நாகபூசணி ஒரு பக்கம் வாயைக் கோணிச் சிரித்துக்கொண்டிருந்தார். விஜயரத்தினம் அந்தப் படத்தையே பார்த்தார். இனி எட்டு மாதம் பேசமாட்டார், அல்லது எட்டு வருடம் என்று சந்திரவதனா நினைத்தாள்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

“ஆறு கிழமை.”

“ஆறு கிழமையா அந்தப் பொம்பிளையள், இவளின்ர பேரைப் பாத்துக்கொண்டு ஆத்துக்கு நடக்கினமோ?”

அவர் குழாயைச் சுவரில் சாத்தினார். பானையை அடுப்பிலிருந்து இறக்கினார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“வாசலுக்கு வந்த ஒருத்தரையும் இவள் ஒருநாளும் மறிச்சதில்லை பிள்ளை. போனை எடு. இப்பவே உடைக்கச் சொல்லு.”

அங்கே அப்போது காலை பத்து மணி. மெர்சி திரையில் வந்தாள். விஜயரத்தினத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது. தோக்கோ விசயத்தைச் சொல்லிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் தன் கணக்காளர் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, தன் மனைவியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவள் அங்கே இருந்திருந்தால் சுத்தியலைத் தானே தூக்கியிருப்பாள் என்றார். பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எழுத்து உதிரட்டும், தண்ணீர் வரட்டும் என்றார். மெர்சி எழுந்து நின்று, அவர்கள் ஊர் வழக்கப்படி இரண்டு கைகளையும் மெதுவாகத் தட்டி, முழங்காலை மடித்து வணங்கினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி யாரையோ உரக்கக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை அதே கராஜில் அதே மடிக்கணினி. இந்தத் தடவை குத்துவிளக்கு இல்லை, தேங்காய் இல்லை. விஜயரத்தினம், சந்திரவதனா, தோக்கோ, பொயிண்ட் குக்கில் இருந்து ஒரு மணி நேரம் கார் ஓடிவந்த முரளிதரன். திரையில் கலெம்பாவின் கூரைக்கு மேல் இரண்டு பேர் ஏறி நின்றார்கள். நடுவில் ஏற்கெனவே ஒரு சதுரம் வெட்டியாகிவிட்டது. முரளிதரன் பயந்தபடியே முகப்பு வெடித்து, நாகபூசணியில் பாதி காணாமல் போயிருந்தது. ஓட்டை வழியாக முதல் கம்பி மேலே வந்தது. வானத்தைப் பார்த்துப் பத்தடியும் வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று பதினைந்து கம்பி. முரளிதரன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் சுருங்கிப்போன கறுப்பு ரப்பர் ஒன்றைப் பக்கத்து ஊர் ஆள் தூக்கிக் காட்டினார். சந்திரவதனாவுக்கு அதைத் திரைக்குள் கையை விட்டு வாங்கித் தூர எறிய வேண்டும்போல இருந்தது.

புதிய சீலைப் பூட்டி எல்லாவற்றையும் திரும்ப இறக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் மெர்சி கைப்பிடியைப் பிடித்தாள். பத்துத் தரம் அழுத்தியும் காற்றுத்தான் வந்தது. பதினொன்றாவதில் தண்ணீர் விழுந்தது. கராஜில் யாரும் கைதட்டவில்லை. தோக்கோ சந்திரவதனாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். விஜயரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்க மறந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து மெர்சி ஒரு படம் அனுப்பினாள். ஓட்டையால் வெயில் நேராகத் தலையில் அடிக்கிறது என்று, பெண்கள் அதற்கு ஒரு தகர மூடி செய்து, ஒரு பக்கம் கீல் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்தால் திறக்கும். மூடியின் அடிப்பக்கத்தில், தண்ணீர் அடிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்படி, உதிர்ந்த பெயரை நீலப் பெயின்ரால் முழுதாக எழுதியிருந்தார்கள். தமிழ் எழுத்துகளைப் பழைய படத்தைப் பார்த்து யாரோ கோலம் போடுவதுபோல வரைந்திருந்தார்கள். ஊரில் இப்போது அந்த மூடிக்கே நாகபூசணி என்றுதான் பெயராம். பம்பில் வேலை என்றால் நாகபூசணியைத் திற என்பார்களாம், முடிந்தால் நாகபூசணியை மூடு என்பார்களாம். மனைவி உயிரோடு இருந்தபோது அவள் வாயை மூடவைக்க ஒருத்தராலும் ஏலாமல் போனது, அந்தச் சனத்துக்கு மட்டும் எப்படி ஏலுது என்று விஜயரத்தினம் கேட்டார். மனைவி போன பிறகு அவர் அவளை வைத்துப் பகிடி விட்டது அன்றுதான்.

இந்த வருடம் மே மாதம், கலெம்பாவில் மழை ஓய்ந்து கிணறுகள் இறங்கத் தொடங்குகிற நேரம். பட்டறையில் வேலையாக இருந்த சந்திரவதனாவுக்குப் போன் வந்தது. எடுத்ததும் எடுக்காததுமாக விஜயரத்தினம் கேட்டார்.

“நாகபூசணியைத் திறந்து றப்பர் மாத்தியாச்சோ?”

போன கிழமையே மாற்றியாயிற்று என்று அவள் சொன்னாள். இன்னொன்றையும் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மழையில் மூடி துருப்பிடித்துப் பேர் அழிந்துவிட்டதாம், மெர்சி கவலைப்படுகிறாள், துருப்பிடிக்காத தகடு ஒன்று வாங்கி அனுப்பவா?

தகடு என்றதும் விஜயரத்தினம் குறுக்கிட்டார்.

“வேண்டாம் பிள்ளை, தகரமே இருக்கட்டும். ஒவ்வொரு வருசமும் துருப்பிடிக்கட்டும், ஒவ்வொரு வருசமும் ஏறிப் பேரை எழுதட்டும். ஏறினால்தான் றப்பர் மாத்திற ஞாபகம் வரும்.”